தகசு எந்த மிருகம்?

பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பெண்களின் வேத வினாப் போட்டிக்குப் பல வருடங்களாக நான்தான் நடுவர். கேள்வியும் விடையும் எழுதித் தருவது என் கணவர். சம்பளம் வாங்காத பிரசங்கியார். அவர் சொல்லுக்குச் சபையில் மறுபேச்சு கிடையாது.

அன்று இரண்டு அணிகள் சமமாக நின்றன. கடைசிக் கேள்வியை வாசித்தேன். பழைய ஏற்பாட்டில் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்மூடி தகசுத்தோல். தகசு எந்த மிருகம்? தாளில் ‘கீரி’ என்றிருந்தது. கீரி பாம்பைக் கொல்லும், கூடாரம் சாத்தானைக் கொல்லும் என்று இவர் வருடம் தவறாமல் முழங்குவதும் அதைத்தான்.

கூடங்குளம் பக்கமிருந்து எங்கள் சபைக்கு மருமகளாக வந்த பெண் மணியடித்தாள்.

“டீச்சர், அது எபிரெயச் சொல்லு. சிலபேரு டால்பினுங்காவ, சிலபேரு கடல்பசுங்காவ. எந்த மிருகம்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது.”

கல்யாணத்துக்கு முன்னால், இதே மேடையில், இதே பதிலை நானும் சொன்னேன். அப்பாவின் வேதாகமத்தில் அடிக்குறிப்பைப் படித்திருந்தேன். அன்றைய நடுவர் இவர்தான். ‘தப்பு’ என்று முட்டை போட்டார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். மறுவருடம் பெண் பார்க்க வந்தார். இவ்வளவு படித்த மனுஷர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் அந்தக் கீரியோடு குடித்தனம் நடத்திவிட்டேன்.

இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ‘சரி’ என்றால் அவர் மானம் இத்தனை பேர் முன்னால் போகும். ‘தப்பு’ என்றால் உண்மை சொன்ன பிள்ளை தோற்கும். வெளியே அசன விருந்துக்குக் கறி வெந்துகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

“சொல்லுங்க டீச்சர், நேரமாவுதுல்லா!” என்றார்கள் பின்னாலிருந்து.

“தப்பு” என்றேன்.

அவள் உட்காரவில்லை. “அப்போ எது சரி? நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

பாழாய்ப்போன தாள்! மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவரைப் பார்த்தேன். பைய எழுந்தார்.

“அந்தப் பிள்ளை சொல்லுததுதான் சரி. கீரி நானாச் சொன்னது. முதல் பிரசங்கத்துல பாம்பு, கீரி கதை நல்லா எடுபட்டுச்சி. பொறவு தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி.”

பரிசு அவள் அணிக்குப் போயிற்று. பந்தியில் எப்போதும் இவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அன்று யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் பந்தியில் நாங்களாகவே போய் உட்கார்ந்தோம்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்.

“ஏங்க, எனக்கு முட்டை போட்டீங்களே, அன்னைக்கே தெரியுமா?”

முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தெரியும்” என்றார்.

அப்பாவின் வேதாகமத்தைக் கல்யாணமான வருடமே பரணில் போட்டிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், சேலைகூட மாற்றாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.