வாசிக்காமல் விட்ட வரி

அன்று அறைக்குள் இருந்தவர்கள் என் மனைவியும் நர்சம்மாவும். வெளியே பெஞ்சில் நான். பக்கத்தில், ஒன்றரை மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவியைப் பெற்ற அத்தை. என் அம்மா வரவில்லை. அவளிடம் சொல்லவே இல்லை. மாமியார் ஊரான சுந்தரபாண்டியத்துக்குப் பிள்ளையைப் பார்க்கப் போவதாகச் சொல்லித்தான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். அங்கிருந்து எல்லோருமாக வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு.

எண்பதுகளின் கடைசி. தலைப்பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. மூன்று வருடத்துக்கு அடுத்த பிள்ளை கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குத்தான் காப்பர்-டி. அம்மாவோ, பிறந்தது பெண் என்று தெரிந்த அன்றைக்கே அடுத்தது பேரனாக வரட்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டவள்.

நர்சம்மா கூப்பிட வந்தபோதே அத்தை பிடித்துக்கொண்டார்.

“செம்புக் கம்பியவா உள்ள வைக்கிறிய? இடி மின்னலுக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?”

“இடி விழுந்தா ஒங்க மருமகன் மேலதான் விழும். பயப்படாதிய.”

பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சுவரிலிருந்த சொட்டு மருந்து விளம்பரத்தை ஊன்றிப் படித்தேன்.

கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே இன்னும் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நர்சம்மா ஒரு மஞ்சள் கார்டை என்னிடம் நீட்டினார். “நீங்க படிச்சவர்தான? பின்பக்கம் எல்லாம் அச்சடிச்சிருக்கு. வீட்டுக்குப் போயி அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிருங்க.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். லாரி புக்கிங் ஆபீசில் எழுத்து வேலை. கடிதமோ, கரண்டு பில்லோ, டானிக் பாட்டில் மேலே ஒட்டிய சீட்டோ, எந்தத் தாள் வீட்டுக்குள் வந்தாலும் நான் பல்புக்குக் கீழே நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான பிறகு மாமியார் வீட்டிலும் அதுவே ஆனது.

பஸ்ஸிலேயே கார்டைப் படித்துவிட்டேன். ஆறு வரி. நாலாவது வரி, ஒவ்வொரு மாதவிலக்கு முடிந்ததும் கையைக் கழுவி, விரலை உள்ளே விட்டு, காப்பர்-டியின் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றது.

சுந்தரபாண்டியத்தில் போய் இறங்கியதும் அத்தை, “என்ன போட்டிருக்கு மாப்ள, வாசிங்க” என்றார். மைத்துனனும் வந்து உட்கார்ந்தான். வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, கனமான வேலை கூடாது, அதிகம் ரத்தம் போனால் வரவும், வலித்தால் வரவும். வாசித்தேன். நாலாவது வரியைத் தாண்டிவிட்டேன். தனியாக அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தனியாக இருக்கும்போது அவளே கேட்டாள். “அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

அந்த இடத்துக்குப் பள்ளிக்கூடம் எனக்கு ஒரு சொல்லும் தந்திருக்கவில்லை. தெரு தந்ததெல்லாம் வசவு. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ராஜபாளையம் திரும்பியதும் கார்டை என் சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்தேன். அதை வீட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அவள் ராஜபாளையத்துக்கு வந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு காலையில் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். “உள்ள அது இருக்கையில எப்படிங்க?”

மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே நர்சம்மா. கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. பேச்சு கேட்டது.

“நூலக் காணோம். எப்பயோ விழுந்திருக்கு. மாசாமாசம் தொட்டுப் பாக்கலையாம்மா?”

“எந்த நூலும்மா?”

“கார்டுல போட்டிருக்கே.”

அவள் மெதுவாக, “அம்மா வீட்டுல இருக்கும்போது ஒரு மாசம் அடிவயிறு பிடிச்சு இழுத்துச்சு. கட்டி கட்டியாப் போச்சு. மாசத் தூரம்தானேன்னு இருந்துட்டேன்” என்றாள்.

ரத்தம் மிகவும் குறைவாக இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள், என்ன செய்வதென்று முடிவு செய்வோம் என்றார் டாக்டரம்மா. அடுத்த வாரம்வரை தாங்கவில்லை. நாலாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆபீசுக்குப் போன் வந்து நான் ஓடுவதற்குள் பக்கத்து வீட்டார் டாக்சியில் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கரு போய்விட்டது. அவள் நகக்கண் வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி கிடந்தாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கும் வரைக்கும் டாக்டர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவிடம் அப்போதுதான் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“ஏலே, எங்கிட்டச் சொல்லியிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். ஆனா வச்ச பொறவு, அந்த நூலு விசயத்த நான் அவகிட்டச் சொல்லாம விட்டிருப்பேனாலே? பொம்பளைக்குப் பொம்பள எங்களுக்கு என்ன வெக்கம்? ஒனக்கு வந்த வெக்கத்துக்கு அவளா சாகணும்?”

என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உடம்பு தேறியதும் மறுபடி காப்பர்-டி வைக்கப் போனோம். இந்தத் தடவை அம்மாவும் கூட வந்தாள். நர்சம்மா கார்டை எடுத்து என் பக்கம் திரும்பினார். என் மனைவி குறுக்கே கையை நீட்டினாள்.

“அவிய வெளிய இருக்கட்டும். எங்கிட்டயே சொல்லுங்கம்மா. நான் திருப்பிச் சொல்லுதேன், சரியாயிருக்கான்னு பாருங்க.”

அவள் திருப்பிச் சொன்னது பெஞ்சுவரை கேட்டது. கூசாமல், நாலாவது வரியையும், அவளுக்குத் தெரிந்த சொற்களிலேயே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பாயில் உட்கார்ந்தாள். அம்மா பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

“அந்த நர்சிங் ஹோம் சீட்டெல்லாம் ஃபைல்லதான வச்சிருக்கிய? எடுத்து வாசிங்க. என் கம்மல அடகு வச்சு எம்புட்டுக் கட்டுனியன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணையும் விடாதிய.”

காப்பர்-டிக்கு இரண்டு தடவையும் காசு கிடையாது. அதற்குச் சீட்டும் இல்லை. மற்றதையெல்லாம் பல்புக்குக் கீழே நின்று வாசித்தேன். டாக்சி, அறை, சுத்தம் செய்த கூலி, ஊசி, குளுக்கோஸ், ரத்தம் ஒன்று, ரத்தம் இரண்டு. குரல் தணிந்தபோது, “சத்தமா” என்றாள். கடைசி வரியையும் வாசித்தேன். மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.