வேனுக்கு வைத்த வெள்ளிக்கிழமைப் பொட்டு

ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்துவிட்ட வேனை, கண்டியில் புது வேன் என்று சொல்லிக்கொண்டு வாங்கினேன். ஏசி பட்டன்களில் எழுதியிருந்த ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அதைக் குறையாகவும் நினைக்கவில்லை. எங்கள் கந்தோருக்கு வரும் சுற்றறிக்கைகளும் எனக்கு விளங்காத மொழியில்தான் வரும். கையெழுத்துப் போட்டுக்கொண்டு காலம் தள்ளவில்லையா?

வாகன பூசையன்று ஐயர் முன்கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு மனம் நிறையவில்லை. கிண்ணத்தை வாங்கி டேஷ்போர்டில் கண்ட இடமெல்லாம் வைத்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காசளவில் ஒரு சின்னச் சல்லடை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே ஜப்பான்காரன் செய்து அனுப்பியதுபோல் தெரிந்ததால் அதற்கு மட்டும் இரண்டு மடங்கு. பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப் பொட்டு.

சில வாரங்களில் ஏசி குளிரை அள்ளிக் கொட்டத் தொடங்கியது. குமிழைச் சிவப்புப் பக்கம் திருகினாலும் ஐஸ்தான். குட்ஷெட் பஸ் நிலையம் பக்கம் மதிய நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது இதைக் கோளாறு என்று யார் சொல்வார்கள்? ஏறியவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் ஏதோ நானே செய்த ஏசி மாதிரித் தலையாட்டினேன். மனைவி மட்டும், "என்னங்க, கொறைக்கவே முடியலையே. யாருகிட்டயாவது காட்டுங்க" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டைக் கொஞ்சம் தடிப்பாக வைத்தேன்.

அப்புறம் மாமனாருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னது ஒன்றுதான்: குளிர் படக்கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலுள்ள வீட்டுக்கு அவரைக் கொண்டுபோக ஒரு கார் பிடிக்கலாம் என்றாள் மனைவி. வீட்டில் வேன் நிற்கும்போது காரா என்று மார்தட்டினேன்.

வழியில் தலாத்துஓயாவை நெருங்கும்போது மழை பிடித்தது. ஏசியை நிறுத்தினால் கண்ணாடியில் ஆவி படிந்து பாதை மறைந்தது. போட்டால் குளிர் நேரே பின்சீட்டுக்குப் போனது. ஹீட்டர் வரட்டும் என்று குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கம்பளிக்குள் மாமனார் இருமிய ஒவ்வொரு இருமலும் என் முதுகில் அடிபோல விழுந்தது. என் வீம்பால் இந்த மனிதரைக் கொன்றுவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

ரோட்டோரக் கராஜ் ஒன்றில் நிறுத்தினேன். மனைவி அப்பாவுக்கு இஞ்சித் தேத்தண்ணி வாங்க எதிர்க் கடைக்கு ஓடினாள். கராஜ்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘நானா’. அவர் குமிழைத் தொடவே இல்லை. சல்லடையைத்தான் உற்றுப் பார்த்தார்.

"இதுல ஆரு சேர் சந்தனம் அப்பின?"

நான் மழையைப் பார்த்தேன்.

"வேனுக்குள்ள சூடா குளிரான்னு இதாலதான் காத்த இழுத்துப் பாக்கிற. வேன்ட மூக்கு இது. மூக்க அடச்சா அதுக்கு உள்ளுக்க ஈக்கிற என்ஜின் சூடு மட்டும்தான் தெரியும். வேன் எரியுதுன்னு நெனச்சி ஐஸ் ஊத்துது."

சல்லடையைக் கழற்றித் தட்டினார். ஒரு கோயில் திருவிழாவுக்குப் போதுமான சந்தனம் கட்டிகட்டியாக உதிர்ந்தது. தூரிகையால் துடைத்து, காற்றடித்து மாட்டினார். கொஞ்ச நேரத்தில் வேனுக்குள் இதமான சூடு பரவியது. பின்சீட்டில் மாமனார் கண்மூடிக் கிடந்தார், இருமல் அடங்கியிருந்தது. தேத்தண்ணியோடு வந்த மனைவியிடம், "வயர் ஒண்ணு லூசாம்" என்றேன். கராஜ்கார நானா நல்ல மனிதர், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தோட்டத்தில் மாமியார் ஆலாத்தித் தட்டோடு காத்திருந்தார். மாமனார் இறங்கியதும் அவருக்குச் சுற்றினார். பத்திரமாகக் கொண்டுவந்த வேனுக்கும் ஒரு பொட்டு என்று சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தார். கண்ணில் பட்டது அந்தச் சல்லடைதான். விரல் அதை நோக்கிப் போனது; தடுத்தால் என் வயர் கதை அவிழ்ந்துவிடும்.

"அதுல வைக்காத புள்ள" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டு. "மாப்பிள்ள வச்சதே போதும். அது வண்டிக்கு மூக்கு. அடச்சிகிட்டா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து அவருடைய ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டேன்.