ஐரீன் மேடத்தின் முதல் கேள்வி

“எப்டி வந்தே?”

ஐரீன் மேடம் இப்படித்தான் ஆரம்பிப்பார். எதிரே நிற்கும் கல்லூரிப் பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டும். “அத்த உள்ள வை நைனா. வூட்லேர்ந்து இங்க எப்டி வந்தே, அத்தச் சொல்லு.”

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்ற, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. எங்கள் பம்ப் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். வேலைக்கு ஆள் எடுப்பவர் அவர். “இங்க தெனிக்கும் ஒரு பேஜாரு வரும். அப்போ இந்தப் புள்ள இன்னா பண்ணும்? மார்க்ல அது தெரியுமா?” என்பது அவர் கட்சி. ஒருவன் ரயிலேறிக் கத்திவாக்கத்தில் இறங்கினேன் என்பான். இன்னொருவன் முந்தின நாளே சித்தி வீட்டில் வந்து படுத்துவிட்டேன் என்பான். “கேடிடா நீ!” என்று மேசையைத் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மாடி வரைக்கும் வேலை நின்றுபோகும். அந்த ஆபீஸை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ராயபுரத்துக்காரர். கல்மண்டபம் மார்க்கெட்டில் பேரம் பேசி மீன் வாங்காவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. யார் பசி என்றாலும் தன் டிபன் டப்பாவைத் தள்ளிவிடுவார். ஆனால் இன்டர்வியூ நாளில் மட்டும் ஈவு இரக்கம் கிடையாது. பத்து மணிக்குக் கேட்டைச் சாத்திவிட வேண்டும், யார் அழுதாலும் திறக்கக் கூடாது என்று வாட்ச்மேன் தங்கப்பாண்டிக்கு உத்தரவு.

ஓர் இன்டர்வியூ நாளில் பத்து மணி தாண்டியும் மேடத்தையே காணோம். நான் கேட்டருகே போய் எட்டிப் பார்த்தேன். வெளியே வியாசர்பாடிப் பெண் கார்குழலி, பி.எஸ்.சி. முடித்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆள் எடுப்பது அன்றோடு முடிகிறது. விட்டால் வேலை போச்சு. தங்கப்பாண்டி அசையவில்லை. அப்போதுதான் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வியர்த்து வழிய மேடம் இறங்கினார். தங்கப்பாண்டி அவருக்காகக் கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார்.

“மேடம், நானும் இன்டர்வியூக்குத்தான்.”

“டைமு தாண்டிப்பூச்சேம்மா.”

“உங்களுக்கும்தான் மேடம்” என்றாள் பட்டென்று. “தேரடியாண்ட ஜாம்ல நின்ன உங்க ஆட்டோவத் தாண்டிக்கினுதான் வந்தேன். நீங்க உள்ளயே குந்திகினு இருந்தீங்கோ. நான் லாரி சந்துல பூந்து நடந்தே வந்துட்டேன்.”

கிடைக்க இருந்ததையும் வாயால் கெடுத்துக்கொண்டாளே, பாவி! மேடத்தின் முகம் சுருங்கிப்போனது. பிறகு கேட்டை இரண்டு கையாலும் அகலத் தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் முதலில் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார்.