அண்ணன் திரித்த நாண்

மாநிலம் பிரித்து எங்கள் ஊர் மெட்ராஸோடு சேர்வதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு, நாங்கள் திருவனந்தபுரம் ஆரியசாலையில் குடியிருந்தபோது நடந்தது இது. ஆடி மாதம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கர்க்கடகம். மழை என்றால் அப்படி ஒரு மழை. துவைத்துப் போட்ட துணி நாற்றமடிக்குமே தவிர உலராது.

என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் மிளகும் சுக்கும் நிறுக்கிற வேலை பார்த்தார். ஆனால் மனசெல்லாம் வில்லுப்பாட்டில்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போன எங்கள் ஆட்களுக்கு ஒரு அம்மன் கோயில் உண்டு. அங்கே வருடா வருடம் கொடைத் திருவிழாவுக்கு இவர்தான் பாடுவார். இவருடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பார். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த பிள்ளைகள். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தது அண்ணன்தான். அண்ணன் குடத்தில் தட்டாமல் இவருக்குப் பாட்டின் முதல் வரியே வாயில் வராது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெருவில் எனக்கு ஓட்டைவாய் என்று பேர். பொய்யில்லை. காலையில் என் காதில் விழுந்த சங்கதி மத்தியானத்துக்குள் கிள்ளிப்பாலம் தாண்டிவிடும். ஆனால் காது மட்டும் நல்ல காது. வில்லின் நாணைக் கோலால் ஒரு தட்டு தட்டினால் போதும், அது இவர் தொண்டைக்குச் சேருமா சேராதா என்று சொல்லிவிடுவேன். அதனால் நாண் மாற்றும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த வருடம் வைரம் பாய்ந்த பனையில் இவரே ஒரு புதுவில் செதுக்கினார். கட்டுவதற்கு இரண்டு நாண்கள் இருந்தன. ஒன்று சாலைக் கடைத்தெருவில் வாங்கியது, எண்ணெய் போட்டு முறுக்கிய மெல்லிய தோல். இன்னொன்று அண்ணன் எருமைத் தோலைத் தன் கையாலேயே வாரி, திரித்துக் கொடுத்துவிட்டது. புதுவில்லுக்குத் தன் நாண்தான் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் வீட்டில் வைத்து இரண்டையும் மாட்டிப் பார்த்தோம். அண்ணனுடைய நாணில் சத்தம் நல்ல கனமாகத்தான் இருந்தது. ஆனால் கனத்த தோல் ஈரத்தைக் குடிக்கும். அந்த மழையில் பாதிப் பாட்டுக்குள் தொய்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மெல்லியதைக் கட்டச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அண்ணன் கேட்டா என்ன சொல்லுகது?" என்றார். மழையைச் சொல்லுங்கள் என்றேன் நான், வெடுக்கென்று. அண்ணனுடைய நாணைச் சுருட்டி அடுப்புக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டினேன். அண்ணனுக்குக் காய்ச்சல், இந்தக் கொடைக்கு வர முடியாது என்று தகவல் வந்ததும் அன்றைக்குத்தான். குடத்துக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, மறுநாள் மஞ்சள் காப்பைக் கையில் கட்டிக்கொண்டு இவர் கோயிலிலேயே தங்கிவிட்டார்.

கொடை நாள் காலை. அரிசி களைந்துகொண்டிருந்தேன். மதினியின் தம்பி, அதாவது அண்ணன் மனைவியின் தம்பி, முதல் பஸ்ஸில் வந்து நனைந்தபடி வாசலில் நின்றான். துண்டை வாயில் வைத்துக்கொண்டான். விடியற்காலையில் அண்ணன் போய்விட்டார் என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பொழுது சாயுமுன் எடுத்துவிடுவார்களாம். இவர் உடனே கிளம்பினால் முகம் பார்க்கலாம்.

ஈரக்கையோடு கோயிலுக்கு ஓடினேன். வாசலிலேயே கோயில் தலைவர் மறித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காப்புக் கட்டினவனுக்குச் சாவுத் தீட்டு கிடையாது, எல்லையும் தாண்டக் கூடாது, அது எங்கள் வழக்கம். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சண்டை போட்டேன். கூடப் பிறந்தவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் என்ன சாமி, என்ன கொடை என்று கேட்டேன். உங்கள் வீட்டில் நடந்திருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்றும் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்கம்மை செத்தப்ப நானும் காப்போடதான் நின்னேன், மக்கா. எனக்கும் ஆரும் சொல்லல்ல" என்றார். பிறகு, "மங்களம் பாடி வில்ல எறக்குகது வர அவன் காதுல ஒரு எழுத்து விழப்பிடாது. ஒனக்கு மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. காப்பை அறுத்துக்கொண்டு போனால் அந்தக் குற்றம் அவர் தொண்டையில் விழுமோ என்ற பயம் ஒரு பக்கம். மதினி கொடுத்தனுப்பிய செய்தி நெஞ்சைப் பிடித்து இழுப்பது ஒரு பக்கம். திரும்பி வீட்டுக்கு வந்தேன். வந்தவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பினேன். அடுப்படியில் நின்று அழுதேன். நிமிர்ந்தபோது அந்த நாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். இவர் வில்லை மடியில் வைத்து மெல்லிய நாணை ஏற்றிக்கொண்டிருந்தார். அதைக் கழற்றச் சொன்னேன்.

"நீதானட்டி அன்னைக்கு வேண்டாம்னே?"

"அடுப்புச் சூட்டுல கெடந்து நல்லா உணந்துட்டு. இதையே கெட்டுங்க."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தை மாதிரி சிரித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறதாம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, அடுப்பில் சோறு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானப் பூசை முடிந்து பாட்டு தொடங்கியது. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! கனத்த நாண் அதிர்ந்து, குடத்துக்குள் இறங்கி, நான் உட்கார்ந்திருந்த தரை வரை வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், இப்போது குளிப்பாட்டுவார்கள், இப்போது பாடை கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தது. நான் பயந்தபடியே நாண் இறங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் மெல்லிய நாணை எடுத்து நீட்டினார். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வழக்கமாகச் சுருதி இறங்கினால் கோலை வீசி எறிகிற மனிதர், அன்றைக்குத் தன் குரலை இறக்கி நாணோடு சேர்ந்துகொண்டார். அது இறங்க இறங்க இவரும் இறங்கினார். அந்தக் குரலில் அவர் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மங்களத்துக்கு வந்தார். சாமியை வாழ்த்தி, ஊரை வாழ்த்தி, கேட்டவர்களை வாழ்த்தி, கடைசியில் கூட வாசித்தவர்களை வாழ்த்துவது முறை. அன்று குடம் அடித்தவரை வாழ்த்தினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வராமல் போன அண்ணனையும் சேர்த்து, நூறு வயசு வாழி, நோய் நொடி நீங்கி வாழி என்று கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கோயில் தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

வில்லை இறக்கி, காப்பை அவிழ்த்தார்கள். அவர் முன்னால் போய் நின்றேன். ஊருக்கெல்லாம் பேசுகிற வாயில் ஒரு சொல் வரவில்லை.

"அண்ணனா?" என்றார் அவரே.

தலையாட்டினேன்.

"நாணக் கொண்டு தரும்போதே தெரியுமா?"

அதற்கும் தலையாட்டினேன். அடிப்பார், திட்டுவார் என்று நின்றேன். அவர் நாணின் மேல் கையை வைத்தபடி இருந்தார். "நான் அவனுக்கு ஆயுசு கேட்டேனட்டி. நூறு கேட்டேன்" என்றார். அப்புறம் அவர் அழுத அழுகையை நான் எழுத விரும்பவில்லை.

நாங்கள் ஊர் போய்ச் சேரும்போது சிதையும் அடங்கியிருந்தது. மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, தம்பி எந்த நாணைக் கட்டினார் என்பதுதான். அண்ணன் திரித்ததைத்தான் என்றேன்.

"அப்போ செரி. காய்ச்சல்ல பிதற்றும்போதும் அதான் பேச்சு. எந் நாணத்தான் கெட்டியிருப்பான், எந் நாணத்தான் கெட்டியிருப்பான்னு சொல்லிட்டே கெடந்தாவ."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு கிடந்தபோது அந்த நாண் என் அடுப்புக்கு மேலே புகை குடித்துக்கொண்டிருந்தது. அதை நான் மதினியிடம் சொல்லவில்லை. அவள் சாகும் வரைக்கும் சொல்லவில்லை. ஓட்டைவாய்க்காரி வாழ்நாளெல்லாம் காத்த ரகசியம் அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் பிறகும் பல வருடம் பாடினார். ஆனால் மங்களத்தில் குடம் அடிப்பவரை வாழ்த்துகிற இடம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். நாணை மட்டும் மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே போய்விடுவார். இப்போது அவரும் இல்லை. மழைக்கு ஏற்ற நாண் மெல்லியதுதான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அன்று ஒரு பகல் என் காதின் பேச்சைக் கேட்காமல் இருந்தேனே, அது அண்ணன் போன பிறகுதானே என்று இன்னமும் அழுகிறேன், அன்றாவது அந்த நாண் ஏறியதே என்று ஆறுதலும் படுகிறேன்.