மரக்குழாயைப் பார்க்கப் போனது

1994 பெப்ரவரி. என் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிகிறது என்றார்கள். சளிப் பரிசோதனை முடிவு வர வேண்டும். கசம், அதுதான் காசநோய், என்றால் என் கனடா வதிவிடப் பத்திரங்கள் தள்ளிப்போகும். கொழும்பில் காத்திருக்கும் மனைவி இன்னும் காத்திருக்க வேண்டும்.

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் ஆறு பேர் இருந்தோம். எனக்கும் இரவு வேலைக்காரர் ஒருவருக்கும் ஒரே மெத்தை. அவர் எழும்பினால் நான் படுப்பேன். இருமலின் காரணத்தைச் சொன்னதும் அவர் ஹாலுக்குப் போய்விட்டார். கோப்பைகளும் தனித்தனியாயின. குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை.

கிளினிக்கில் எக்ஸ்ரேயை வாங்கும்போது சுவரில் ஒரு கண்காட்சி அறிவித்தல் கண்டேன். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியரைப் பற்றியது. அவருடைய பெயர் இன்றும் என் வாயில் நுழையாது. கென்னடி ஸ்டேஷனுக்கு பஸ், பிறகு சப்வே, சென் ஜோர்ஜில் மாறி குயின்ஸ் பார்க். ஒரு மணித்தியாலம், இரண்டு டொலர். அனுமதி இலவசம்.

வாசலில் நின்ற செக்கியூரிட்டிக்காரர் என் எக்ஸ்ரே உறையில் இருந்த பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "தம்பி, ஆஸ்பத்திரி றோட்டுக்கு அங்கால."

தெரிந்துதான் வந்தேன் என்றேன். என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஓர் இளம் பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டுத்தான் அந்த வைத்தியர் முதலில் காகிதத்தைச் சுருட்டினாராம். பிறகு மரத்தில் குழாயாகக் கடைந்தார். கசநோயாளிகளின் நெஞ்சைக் கேட்டே காலம் கழித்தவருக்குக் கடைசியில் அதே நோய். அவருடைய நெஞ்சை உறவுக்கார வைத்தியர் ஒருவர்தான் கேட்டுச் சொன்னார்.

தொட்டுப் பார்க்க ஒரு மாதிரிக் குழாய் வைத்திருந்தார்கள். என் நெஞ்சில் வைத்துக் குனிந்தேன். காது எட்டவில்லை. ஒரு முட்டாளைப் போல நின்றேன்.

செக்கியூரிட்டி அண்ணை கிட்ட வந்தார். தள்ளி நில்லுங்கள் என்று நிழலைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்கும் வந்து மாறினதுதான். ஜக்கெற்றைக் கழட்டும். மூச்சை நல்லா இழுத்து விடும்."

குழாயை என் நெஞ்சில் வைத்து, குனிந்து காதை வைத்தார். ஒரு மாதமாக யாரும் அவ்வளவு கிட்ட வந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து குழாயை நீட்டினார்.

"இப்ப என்ரயைக் கேளும்."

அந்த நிழல் பழைய தழும்பு என்று பிறகு முடிவு வந்தது. மனைவியும் வந்து சேர்ந்தாள்.

அந்தக் கண்காட்சி எப்போதோ முடிந்துவிட்டது. இப்படி ஒன்று எங்கே வந்தாலும் மெல்லிய சட்டையோடு, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டால் வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். அவரும் தனியாகத்தான் நிற்கிறார்.