சேவியரின் மூன்றாம் பாகம்

சேவியர் இறந்த செய்தியைப் படக் கம்பெனி மேலாளர்தான் போனில் சொன்னார். "விருத்தாசலத்துலயாம். ஹார்ட்டு. பாவம்ங்க." அடுத்த மூச்சிலேயே கேட்டார்: "மூணாவது பாகத்தை உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

இணைப்பைத் துண்டித்தேன்.

நானும் சேவியரும் ஒரே படத்தின் கதை அறையில் உட்கார்ந்தவர்கள். படப்பிடிப்புக்கு முன்பே மூன்று பாகங்களும் அவர் மனதில் முடிந்திருந்தன. முதல் பாகத்தின் இறுதியில் நாயகனின் அண்ணன் சாகிறான். மற்ற இரண்டும் அந்தச் சாவின் மேல் நின்றன. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. "மொதல்ல இது ஓடட்டும்" என்றார்கள்.

அவர் அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். சேவியர் சொல்வார்: "பொம்மை வெந்தா சுருங்கும். அதுக்கும் சேத்துதான் அச்சை பெருசா எடுக்கணும். வெந்தப்புறம் இழுக்க முடியாது."

"அப்ப ஹீரோவையும் சூளையில வெக்கலாமா?" என்றார் உதவி இயக்குநர்.

"வேணாம்யா. சுருங்கிட்டார்னா குளோஸப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

வெளியீட்டுக்குச் சற்று முன் இயக்குநர் ஒரு ஷாட் சேர்த்தார். இறந்த அண்ணனின் விரல் அசைகிறது. திரை இருள்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. விருத்தாசலத்தில் முதல் காட்சி பார்த்தோம். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. சேவியர் எழவில்லை.

"கொன்னுட்டாங்கய்யா."

"உயிரோட இருக்கான்னுதானே காட்டுறாங்க?"

"அதான் சொல்றேன்."

இரண்டாம் பாகத்தில் அண்ணன் வந்தான். ஏன் வந்தான் என்று எழுதியவர்களுக்கே தெரியாது. சேவியரைக் கதை அறைக்கு அழைப்பதை நிறுத்தியிருந்தார்கள். படம் விழுந்ததும் கதை சரியில்லை என்று பேட்டி கொடுத்தார்கள். திரையில் 'கதை' என்ற சொல்லின் கீழ் அவர் பெயர் இருந்தது. அதை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.

அந்த வாரம் வேப்பூர் சாலையில் ஒரு டீக்கடையில் மூன்றாம் பாகத்தை முழுதும் சொன்னார். "யாராவது ஒருத்தர் கேக்கணும்யா" என்றார். டீ ஆறிப்போனது.

அடக்கத்துக்கு மேலாளர் மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் தோளைத் தொட்டார்.

"கதையை ஒரு வரியில சொல்லுங்க. உங்க பேரையும் போட்டுடலாம்."

"அண்ணன் செத்தவனாவே இருக்கணும். ஒத்துக்குவீங்களா?"

"ஜனங்க ஒத்துக்க மாட்டாங்களே. இன்னொரு தடவை எழுப்பிக்கலாம்."

உள்ளே சேவியரின் மேல் மண் விழுந்துகொண்டிருந்தது.

சொல்லவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசி வரை, சேவியர் சொன்ன வரிசையில், என்னிடம் இருக்கிறது. என் கோபமும் இருக்கிறது. அந்தக் கதையில் செத்தவன் எழுந்து வருவதில்லை.