சிவப்புக் காருக்குள் ஒரு சாட்சி

நான் முதன்முதலாக ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி உட்கார்ந்தபோது அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் உத்திரமேரூரில் என்னோடு நாலாம் வகுப்பு படித்த வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படியொரு சவாரி வாய்க்கவில்லை. அந்தக் கர்வம் எனக்கு இன்றும் குறையவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நைனா குஷன் கடை வைத்திருந்தார். ஆட்டோவுக்கு ஹூட், டிராக்டருக்கு சீட், மினி பஸ்ஸுக்கு மெத்தை எல்லாம் அங்கே தைப்பார். மானாம்பதிப் பக்கம் தோப்பு வாங்கியிருந்த ஒரு சென்னை டாக்டர், ஓர் ஐப்பசி மாதத்தில் தன் பழைய சிவப்புக் காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மழை பெய்தால் காருக்குள் குளம் கட்டிவிடும். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் காய்ந்து, தொட்டால் முறுக்கு மாதிரி ஒடிந்தது. காஞ்சிபுரத்தில் பெரிய பட்டறையிலேயே, இந்த வண்டிக்கு இனிமேல் பீடிங் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்களாம்.

"நான் போட்டுத் தரேன் சார்" என்றார் நைனா. அம்மா உள்ளேயிருந்து பார்த்த பார்வையில் ஒரு படி அரிசி வெந்திருக்கும்.

டாக்டர் எங்கள் கடையிலேயே நின்றுகொண்டு யாருக்கோ போன் செய்தார். "ஆட்டோவுக்கு ஹூட் தைக்கிற ஆள்கிட்ட குடுத்திருக்கேன். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் வண்டியைத் திருப்பி எடுத்துக்குவேன்" என்று சிரித்தார். நைனாவும் கூடவே சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நைனா சென்னைக்குப் போய் அதே பருமனில் ஒரு ரப்பர் சுருள் தேடி வாங்கிவந்தார். பழைய பசையைப் பெட்ரோல் துணியால் துடைத்து எடுத்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய கைப்பழக்கம் அவரையே கவிழ்த்தது. ரெக்சினை வெயிலில் போட்டு, இளகியதும் முடிந்தமட்டும் இழுத்துப் பிடித்து அடிப்பது குஷன்காரர்களின் வழக்கம். அப்படி அடித்தால்தான் அது சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும். ரப்பரையும் அதேபோல் வெயிலில் காயவைத்து, இழுத்து இழுத்து ஒட்டி, மிச்சத்தை வெட்டினார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் டாக்டர் வந்தார். நல்ல கூட்டம். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்துவிட்டார்கள். உரக்கடை பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். உள்ளே நீர் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். நைனா குடம் குடமாகத் தண்ணீரை மேலே ஊற்றினார்.

மூன்றாவது குடத்தில் என் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கதவின் மேல்மூலையில் ரப்பரின் இரண்டு முனைகளும் சேருமிடம் நகக்கண் அளவு பிரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் உள்ளங்கையை அதில் வைத்து அழுத்திக்கொண்டேன். தண்ணீர் கைவழியே இறங்கி, சட்டைக்குள் போய், பாவாடையை நனைத்தது.

"இன்னாமா, தண்ணி வருதா?"

"ஒரு சொட்டுகூட இல்ல நைனா!" என்று கத்தினேன். கூட்டம் கைதட்டியது. எங்கள் குடும்ப மானத்தை ஒற்றைக் கையால் காப்பாற்றிவிட்ட மிதப்பில் நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

நைனா கதவைத் திறந்தார். என் சட்டைக் கையைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "தண்ணி வருது சார். ரப்பர இஸ்து ஒட்டிட்டேன், அது சுருங்கிக்கிச்சு. தப்பு என்மேலதான். ரெண்டு நாள் குடுங்க" என்றார்.

"பாப்பாவே இல்லன்னு சொல்லிச்சே. நீ ஏம்பா வாயக் குடுத்து மாட்டிக்கினு கீற?" என்று உரக்கடை பாய் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அதே கேள்விதான். ஜெயித்த ஆட்டத்தை இந்த மனுஷன் இப்படிக் கெடுக்கிறாரே என்று அழுகை அழுகையாக வந்தது. இரண்டு நாளும் அவரோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் அவர் முழு ரப்பரையும் பிய்த்துப் போட்டார். புதுத் துண்டை நிழலில் வைத்து, இழுக்காமல், கொஞ்சம் கூடுதலாகவே விட்டு, விரலால் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். முனைகளைக் கதவின் அடிப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூன்றாம் நாள் அதே கூட்டம். "இந்தத் தடவை நானே உள்ள உட்கார்றேன்" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

"வேணாம் சார். பாப்பாவே ஒக்காரட்டும். இன்னா கீதோ அத சொல்லும்" என்றார் நைனா.

உட்கார்ந்தேன். குடம் குடமாக விழுந்தது. நான் கதவைச் சுற்றி ஒவ்வொரு விரற்கடையாகத் தடவிப் பார்த்தேன். கீழ்மூலையில் விரல் பிசுபிசுத்தது. வெளியே எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கீழ மூலையில லேசா ஈரம் கீது நைனா."

யாரும் கைதட்டவில்லை. நைனா முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். குனிந்து அந்த இடத்தில் பசை வைத்து அழுத்தினார். அது காயும்வரை ஊரே காத்திருந்தது. மறுபடி ஊற்றினார். தடவிப் பார்த்து, "இப்ப இல்ல" என்றேன். டாக்டர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தூறலிலேயே கிளம்பிப் போனார்.

முதல் நாள் நான் சொன்ன பொய்யைப் பற்றி நைனா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. டாக்டரின் வெள்ளைச் சட்டை நனையக்கூடாதென்றுதான் என்னை மறுபடி உட்காரவைத்தார், என் பொய்யை அதற்குள் மறந்தே போய்விட்டார் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.